கறுப்பு வெள்ளை அச்சுகளுக்கு டோனிங் செய்யும் முறை

இருட்டறையில் உருவாகும் கறுப்பு வெள்ளை அச்சில் நாம் காணும் கறுமை முழுவதும் ஜெலட்டின் படலத்துக்குள் நிறைந்திருக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்களே. அந்த வெள்ளியைக் கந்தகத்தோடோ செலினியத்தோடோ சேர்த்து வேறொரு சேர்மமாக மாற்றுவதும், அதன்மேல் தங்கத்தைப் படியவைப்பதும் டோனிங் எனப்படுகின்றன. டோனிங் முடிந்த அச்சில் நிறம் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதில்லை. படமாக இருக்கும் பொருளே மாறிவிடுகிறது. இதனால் கிடைக்கும் நன்மைகள் இரண்டு. ஒன்று, கறுப்பு நிறம் பழுப்பாகவோ செம்பழுப்பாகவோ நீலச் சாயலாகவோ திரும்புகிறது. மற்றொன்று, காற்றிலுள்ள மாசும் ஆக்ஸிஜனேற்றும் வாயுக்களும் வெறும் வெள்ளியை அரிப்பதைப் போல வெள்ளி சல்பைடையும் வெள்ளி செலினைடையும் எளிதில் அரிக்க முடிவதில்லை என்பதால், அச்சின் ஆயுள் கூடுகிறது.

டோனர் தட்டில் வெளிப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கே பிறந்தவை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெண்பகுதியில் மஞ்சள் கறை, திட்டுத்திட்டான நிறம், மென்மையான மேகங்கள் அடியோடு மறைந்துபோவது ஆகியவற்றுக்கான காரணத்தை, படத்தை நிலைப்படுத்தும் கரைசலான ஃபிக்ஸரிலும் கழுவும் தொட்டியிலும்தான் தேட வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் டோனரைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாகத் தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசப்படுகிறது.

தாளும் அச்சும்

எல்லாத் தாளும் டோனருக்கு ஒரே மாதிரி இசைந்து கொடுப்பதில்லை. குளோரைடு மிகுந்த, வெதுவெதுப்பான சாயல் கொண்ட தாள்களில் வெள்ளித் துகள்கள் மிகச் சிறியவை; அவை டோனருடன் விரைவாக வினைபுரிந்து நிறத்தைத் தாராளமாகக் காட்டும். இல்ஃபோர்டின் மல்டிகிரேடு வார்ம்டோன் ஃபைபர் (பிளாஸ்டிக் பூச்சு இல்லாத) தாளும், செக் நாட்டுத் தயாரிப்பான ஃபோமாடோனும் இவ்வகையைச் சேர்ந்தவை; செலினியத்தில் இவை செம்பழுப்புக்கு எளிதாகப் போகும். நடுநிலைச் சாயலுள்ள ஆர்.சி. (பிளாஸ்டிக் பூச்சுள்ள) தாள்களில் செலினியம் கறுமையைச் சற்று ஆழமாக்குவதோடு நின்றுவிடுவது வழக்கம். ஆனால் செபியா, அதாவது கந்தகத்தால் பழுப்பாக்கும் டோனிங், அவற்றிலும் நன்றாக ஏறும். உதகையில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ தாள் போன்ற பழைய கட்டு ஏதாவது கைக்குக் கிடைத்தால், அதன் போக்கை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஒரு துண்டை வெட்டிச் சோதித்துப் பார்த்த பிறகே நல்ல அச்சைத் தட்டில் இட வேண்டும்.

அச்சு எடுக்கும்போதே எந்த டோனர் என்று தீர்மானித்திருப்பது நல்லது. செபியாவில் கறுமை குறைந்து படம் வெளிறும் என்பதால், வழக்கமான ஒளியூட்டலைவிட 10 முதல் 15 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்து, கான்ட்ராஸ்ட்டையும் அரை கிரேடு உயர்த்தி அச்சிட வேண்டும். செலினியம் நேர்மாறாக நிழற்பகுதிகளை இன்னும் கறுக்க வைக்கும். நிழலில் உள்ள விவரங்கள் ஏற்கெனவே மூழ்கும் நிலையில் இருந்தால் அவை முழுவதும் மூழ்கிவிடும். ஒரே படத்தில் மூன்று நான்கு அச்சுகள் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குவது சிறந்தது. அவற்றில் ஒன்று டோனிங் செய்யப்படாமல் ஒப்பீட்டுக்காக அருகில் ஈரமாகவே கிடக்க வேண்டும், ஏனென்றால் மெதுவாக நடக்கும் நிற மாற்றத்தைக் கண் உடனுக்குடன் பழகிக்கொண்டு எதுவும் மாறவில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஃபிக்ஸரும் கழுவலும்

ஃபிக்ஸரின் வேலை, ஒளிபடாத வெள்ளி உப்புகளைக் கரைத்து வெளியேற்றுவது. அவற்றில் சிறிது தாளில் தங்கிவிட்டாலும், பின்னால் வரும் கந்தகமோ செலினியமோ அதையும் விடாமல் நிறமாக்கிவிடும். வெண்பகுதியில் மஞ்சளோ இளஞ்சிவப்போ தோன்றுவது இதனால்தான். ஃபைபர் தாளுக்கு அம்மோனியம் தயோசல்பேட் கொண்ட விரைவு ஃபிக்ஸரை 1+4 என்ற அளவில் (ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர்) கலந்து ஒரு நிமிடம் வைத்தால் போதுமானது. இரண்டு தட்டுகளில் புதிய ஃபிக்ஸரை வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் ஐயமே இருக்காது. கடினமாக்கும் பொருள் சேர்க்கப்பட்ட ஃபிக்ஸரைத் தவிர்க்க வேண்டும். அது ஜெலட்டினை இறுக்கி டோனரைச் சீராக உள்ளே விடாது, கழுவுவதையும் கடினமாக்கும்.

ஃபிக்ஸரைத் தாளிலிருந்து வெளியேற்றுவதும் அதே அளவு முக்கியமானது. ஹைப்போ, அதாவது ஃபிக்ஸர், தங்கிய அச்சைச் செபியாவின் முதல் கட்டத்தில் படத்தை வெளிறச் செய்யும் பெர்ரிசயனைடு ப்ளீச்சில் இட்டால், இரண்டும் சேர்ந்து 1883-இல் ஹோவர்ட் ஃபார்மர் கண்டறிந்த குறைப்பானாகவே மாறிவிடும். அது வெள்ளியைக் கரைத்து நீரோடு அனுப்பிவிடும். அப்படிப் போன மேகத்தையோ வெள்ளைச் சேலையின் மடிப்பையோ எந்த டோனராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஃபைபர் அச்சை முதலில் ஓடும் நீரில் ஐந்து நிமிடம் கழுவி, கழுவலுக்கு உதவும் கரைசலில் பத்து நிமிடம் அசைத்து, மீண்டும் ஓடும் நீரில் கழுவ வேண்டும். அந்தக் கரைசலைக் கடையில் வாங்கலாம். ஒரு லிட்டர் நீரில் நீரற்ற சோடியம் சல்பைட்டு 20 கிராம் கரைத்தும் பயன்படுத்தலாம். செபியாவில் பயன்படும் சோடியம் சல்பைடு முற்றிலும் வேறான, அபாயமான வேதிப்பொருள் என்பதால் புட்டியின் லேபிளை எழுத்து எழுத்தாகப் படித்த பிறகே எடைபோட வேண்டும். கடைசிக் கழுவலுக்கு ஐந்து நிமிடம் போதும் என்று தயாரிப்பாளர்களின் குறிப்பு கூறினாலும், ப்ளீச்சுக்குப் போகும் அச்சுக்கு அரை மணி நேரம் கொடுப்பதே என் பரிந்துரை. ஆர்.சி. தாளுக்கு நான்கு நிமிடம் போதுமானது. அதற்கு மேல் ஊறினால் ஓரங்களில் நீர் புகும்.

கழுவிய அச்சு தகுதியானதா என்பதை ஒரு சொட்டுச் சோதனையால் அறியலாம். ஒன்றுக்கு ஒன்பது என நீர்த்த செலினியம் டோனரில் ஒரு சொட்டை, ஈரமான அச்சின் வெள்ளை ஓரத்தில் விட்டு, மூன்று நிமிடம் கழித்து ஒற்றியெடுக்க வேண்டும். மிக மெல்லிய பாலேட்டு நிறத்தைத் தாண்டி மஞ்சளோ பழுப்போ தெரிந்தால், வெள்ளி உப்பு தங்கியிருக்கிறது என்று பொருள். அந்த அச்சைப் புதிய ஃபிக்ஸரில் மீண்டும் இட்டு, முதலிலிருந்து கழுவ வேண்டும்.

நம் ஊர்த் தண்ணீரைப் பற்றித் தனியாக ஒரு சொல். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு கலந்திருந்தாலோ, துருப்பிடித்த குழாய் வழியாக நீர் வந்தாலோ, பெர்ரிசயனைடு அந்த இரும்போடு சேர்ந்து அச்சின் மேல் ஊசிமுனை அளவு நீலப் புள்ளிகளை உண்டாக்கும். அவை தூசி போலத் தோன்றினாலும் துடைத்தால் போகாது. ப்ளீச்சைக் காய்ச்சி வடித்த நீரிலேயே கரைப்பதும், குழாயின் வாயில் வடிகட்டி பொருத்துவதும் இதற்குத் தீர்வு. அடுத்தது வெப்பம். நூல்களில் தரப்படும் நேரங்கள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. கோடையில் சென்னையிலோ மதுரையிலோ மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் நீர் 30 டிகிரியை எளிதில் தாண்டும். அந்த வெப்பத்தில் வினை விரைவாக நடக்கும், ஜெலட்டினும் இளகி நகம் பட்டாலே உரியும். தட்டைப் பெரிய தொட்டி நீரில் வைத்து, உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை அத்தொட்டியில் மிதக்க விட்டால் வெப்பத்தை 24, 25 டிகிரிக்குக் கொண்டுவரலாம்.

பாதுகாப்பு

டோனிங்குக்கு இருட்டு தேவையில்லை. நல்ல வெளிச்சமும் காற்றோட்டமும்தான் தேவை. சன்னல் திறந்திருக்கும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும் அறையிலோ, நிழலான மொட்டைமாடி முகப்பிலோ செய்வது நல்லது. சல்பைடின் ஆவியும் தயோயூரியாவின் சிறு துளியும் பயன்படுத்தாத போட்டோத் தாளைப் புகைபிடித்தது போல மங்கலாக்கிவிடும் என்பதால், இருட்டறைக்குள் இவற்றைக் கொண்டு செல்லவே கூடாது. செலினியம் உப்புகள் நஞ்சு. தயோயூரியா புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று ஐயுறப்படும் பொருள். நைட்ரைல் கையுறை, கண்ணாடி, தனித் தட்டுகள், தனி இடுக்கிகள், சமையலறைக்கு ஒருபோதும் திரும்பாத அளவுக் குவளைகள் ஆகியவை கட்டாயம். சல்பைடில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு மிகுதியாக எழும். பெர்ரிசயனைடில் வீரியமான அமிலம் பட்டால் அதைவிடக் கொடிய வாயு வெளிப்படலாம். ஆகையால் டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் உள்ளிட்ட அமிலம் எதுவும் அந்த மேசையில் இருக்கக் கூடாது.

செலினியம்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது செலினியமே. ஒரே கரைசல், ஒரே தட்டு, திருப்பி ஊற்றி மீண்டும் பயன்படுத்தக்கூடியது. கோடக், இல்ஃபோர்டு முதலிய பெயர்களில் கிடைத்துவந்துள்ள அடர்கரைசலை, நிறம் அதிகம் மாறாமல் கறுமை மட்டும் ஆழமாக வேண்டுமானால் 1+19 என்ற அளவிலும், தெளிவான நிறமாற்றம் வேண்டுமானால் 1+3 முதல் 1+9 வரையிலும் கலக்கலாம்.

ஈரமான அச்சை முகம் மேலாக இட்டு, தட்டின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கி இறக்கி, விடாமல் அசைக்க வேண்டும். முதல் ஒரு நிமிடத்தில் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். பிறகு, பல தாள்களில் மறைந்து கிடக்கும் இலேசான பச்சைச் சாயல் விலகும். ஒப்பீட்டு அச்சைப் பார்த்தால்தான் அது இருந்ததே தெரியும். அடுத்து ஆழ்ந்த நிழல்கள் கத்தரிப்பூ நிறத்தின் பக்கம் சாயத் தொடங்கும், பின்னர் நடுத்தொனிகள் தொடரும். செலினியம் எப்போதும் நிழலிலிருந்து ஒளிப்பகுதியை நோக்கி நகரும் என்பதால், எங்கே நிறுத்துவது என்பது முழுக்க நம் முடிவு. கழுவத் தொடங்கிய பிறகும் சிறிது நேரம் நிறம் ஏறும். வேண்டிய சாயலுக்கு ஓர் இழை முன்பாகவே எடுத்துவிட வேண்டும்.

நிலைப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் நடத்திய ஆய்வுகள், நீர்த்த செலினியம் குறைந்த அடர்த்தியுள்ள வெளிர் பகுதிகளைப் போதுமான அளவு காப்பதில்லை என்றும், கந்தக டோனிங்கின் பாதுகாப்பு அதைவிட நம்பத்தக்கது என்றும் காட்டின. நிழற்பகுதி மட்டும் மாறியிருக்கும் அச்சில் ஒளிப்பகுதி இன்னும் வெறும் வெள்ளியாகவே இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். நீண்ட ஆயுளே நோக்கம் என்றால், செலினியத்தோடு இலேசான செபியாவையும் சேர்ப்பதே முறை.

செபியா

இதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் ப்ளீச், வெள்ளியை மீண்டும் வெள்ளி புரோமைடாக மாற்றிப் படத்தை வெளிறச் செய்கிறது. பிறகு டோனர், அந்தப் புரோமைடைப் பழுப்பான வெள்ளி சல்பைடாக மாற்றுகிறது. பழைய ஸ்டுடியோக்களில் இரண்டாம் கட்டத்துக்குச் சோடியம் சல்பைடு பயன்பட்டது. அழுகிய முட்டை நாற்றம் தெருவரைக்கும் வரும். தயோயூரியா முறையில் நாற்றம் ஏறக்குறைய இல்லை என்பதோடு, பழுப்பின் சாயலையும் நாமே தேர்ந்துகொள்ளலாம் என்பதால் அதையே இங்கு விவரிக்கிறேன்.

ப்ளீச்சுக்கு, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் பொட்டாசியம் பெர்ரிசயனைடு 100 கிராமும் பொட்டாசியம் புரோமைடு 100 கிராமும் கரைத்துப் பழுப்புப் புட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். பயன்படுத்தும்போது இதை 1+9 என்று நீர்க்கச் செய்யலாம். டோனருக்கு இரண்டு புட்டிகள்: முதலாவதில் ஒரு லிட்டருக்குத் தயோயூரியா 100 கிராம், இரண்டாவதில் ஒரு லிட்டருக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, 100 கிராம். காஸ்டிக் சோடாவைக் குளிர்ந்த நீரில் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். அதன்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். வேலைக்கு, 500 மில்லிலிட்டர் நீரில் முதல் புட்டியிலிருந்து 50 மில்லிலிட்டரும் இரண்டாம் புட்டியிலிருந்து 10 மில்லிலிட்டரும் சேர்த்தால் மஞ்சள் கலந்த பழுப்பு கிடைக்கும். இரண்டிலும் 30 என்றால் நடுத்தரமான பழுப்பு. 10-க்கு 50 என்று காரத்தை உயர்த்தினால் காப்பிக் கொட்டையை ஒத்த குளிர்ந்த பழுப்பு வரும். கலந்த கரைசல் நெடுநேரம் தாங்காது; அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் கலக்க வேண்டும்.

அச்சை ப்ளீச்சில் இட்டதும் முதலில் வெளிர் பகுதிகள் மறையும், பிறகு நடுத்தொனிகள், கடைசியாக ஆழ்ந்த நிழல்கள். செலினியத்துக்கு நேர்மாறான இந்த ஒழுங்கு பின்னால் பெரிதும் பயன்படப் போகிறது. முழுச் செபியா வேண்டுமானால் மங்கிய வைக்கோல் நிற உருவம் மட்டும் எஞ்சும்வரை விட வேண்டும். நிழலின் கறுமை காக்கப்பட வேண்டுமானால், நடுத்தொனி வெளிறத் தொடங்கும்போதே எடுத்து நீரில் அமிழ்த்த வேண்டும். அதற்கு ப்ளீச்சை 1+19, 1+29 என்று இன்னும் நீர்க்கச் செய்தால் கைக்கு அவகாசம் கிடைக்கும். இதற்குப் பின் ப்ளீச்சின் மஞ்சள் நிறம் வெள்ளை ஓரத்திலிருந்து முற்றிலும் நீங்கும்வரை, ஃபைபர் தாளானால் பத்து நிமிடமாவது, கழுவ வேண்டும். டோனரில் இட்ட சில விநாடிகளில் படம் பழுப்பாகத் திரும்பி எழும். ஒன்றிரண்டு நிமிடம் அசைத்து, வினை முழுமையாக முடிந்ததை உறுதி செய்த பிறகு எடுக்கலாம். நேரம் அதிகமானால் பாதகமில்லை. சாயலைத் தீர்மானிப்பவை ப்ளீச்சின் அளவும் காரத்தின் அளவும் மட்டுமே.

ப்ளீச் அளவுக்கு மீறிப் போய்விட்டாலும் பதற வேண்டியதில்லை. நன்கு கழுவப்பட்ட அச்சில் வெள்ளி எங்கும் போய்விடவில்லை, புரோமைடாகப் படத்தின் இடத்திலேயே இருக்கிறது. அறை வெளிச்சத்திலேயே வழக்கமான டெவலப்பரில் இட்டால் படம் கறுப்பாகத் திரும்பும். ஃபிக்ஸ் செய்து, கழுவி, மறுபடியும் தொடங்கலாம். கழுவலில் காட்டிய பொறுமைக்கு இதைவிடத் தெளிவான பலன் வேறில்லை.

வீட்டு ஆல்பங்களில் பழுப்பேறிக் கிடக்கும் பழைய ஸ்டுடியோப் படங்கள் எல்லாமே செபியா டோனிங் செய்யப்பட்டவை என்று கருதுவது சரியல்ல. ஓரத்திலோ ஒரு மூலையிலோ மட்டும் மஞ்சளித்து, முகத்தின் வெளிர் பகுதி கரைந்துபோயிருந்தால், சரியாகக் கழுவப்படாத ஹைப்போ பல ஆண்டுகளாக வெள்ளியைத் தின்றதன் விளைவு அது. முறையாகச் செய்யப்பட்ட செபியாவில் பழுப்பு எங்கும் சீராக இருக்கும், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும்.

தங்கமும் இரட்டை நிறமும்

தங்க டோனிங் புகைப்படக் கலையின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. 1840-இலேயே பிரெஞ்சு அறிவியலாளர் ஃபிஸோ, வெள்ளிப் பூச்சுள்ள செப்புத் தகட்டில் எடுக்கப்படும் டகேரோடைப் படங்களைத் தங்கக் கரைசலால் உறுதிப்படுத்தினார். இன்றும் பயன்படும் கோடக் ஜி.பி.-1 சூத்திரம் எளிமையானது: 750 மில்லிலிட்டர் நீரில் ஒரு விழுக்காட்டுத் தங்கக் குளோரைடு கரைசல் 10 மில்லிலிட்டர் சேர்த்து, சிறிது நீரில் தனியாகக் கரைத்த சோடியம் தயோசயனேட்டு 10 கிராமை மெதுவாக ஊற்றி, ஒரு லிட்டராக நிரப்ப வேண்டும். ஒரு கிராம் தங்கக் குளோரைடிலிருந்து இப்படிப் பத்து லிட்டர் கிடைக்கும். ஒரு லிட்டரில் ஏறக்குறைய எட்டு அச்சுகளை, 8×10 அங்குல அளவில், டோனிங் செய்யலாம். 20 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் சாதாரண அச்சு இலேசாகக் குளிர்ந்த நீலக்கறுப்புக்கு நகரும். விலையைப் பார்த்துத் தயங்குவது இயல்பு. ஆனால் வெதுவெதுப்பான தாளில் அது தரும் மென்மையான நீலத்தை வேறு வழியில் பெற முடியாது. முழுச் செபியா அச்சைத் தங்கத்தில் இட்டால் பழுப்பு ஆரஞ்சு கலந்த சிவப்பாக மாறும்.

செலினியம் நிழலிலிருந்தும் ப்ளீச் ஒளியிலிருந்தும் தொடங்குவதால், இரண்டையும் ஒரே அச்சில் சந்திக்கவைக்கலாம். முதலில் 1+9 செலினியத்தில் நிழல்கள் சற்றே மாறும்வரை வைத்து, நன்கு கழுவி, பின் மிக நீர்த்த ப்ளீச்சில் வெளிர் பகுதிகளை மட்டும் வெளிறச் செய்து, தயோயூரியாவில் இட வேண்டும். செலினைடாக மாறிய நிழலை ப்ளீச் தொடாது. குளிர்ந்த, ஆழமான நிழல்களும் மெல்லிய தேன்நிற ஒளிப்பகுதிகளும் சேர்ந்த இந்த அச்சு கற்சிற்பம், கோயில் மண்டபத்தின் தூண்கள், முதியவர்களின் முகம் ஆகியவற்றுக்கு மிகவும் பொருந்தும். கடலுக்கும் பனிமூட்டத்துக்கும் இதைவிடத் தங்கம் தனியாகவே நன்றாயிருக்கும் என்பது என் கருத்து.

இரும்பு நீல டோனரைப் பலரும் கேட்பார்கள். அது பிரஷ்யன் நீலத்தை உண்டாக்குகிறது. நிறம் கண்ணைப் பறிக்கும், ஆனால் காரத்தன்மையுள்ள நீரில் கழுவக் கழுவ வெளிறும், அச்சின் ஆயுளையும் கூட்டாது. அலங்காரத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

கடைசிக் கழுவலும் மிச்சக் கரைசலும்

டோனிங் முடிந்த ஃபைபர் அச்சைச் செலினியத்துக்குப் பின் மீண்டும் சல்பைட்டுக் கரைசலில் பத்து நிமிடம் அசைத்து, ஓடும் நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழுவ வேண்டும். தயோயூரியா அச்சுக்கு ஓடும் நீரே போதுமானது. மேற்பரப்பின் வழவழப்பு முற்றிலும் போகும்வரை கழுவினால் காரம் நீங்கிவிட்டது என்று கொள்ளலாம். பின்னர் நீரை ஒற்றியெடுத்து, நைலான் வலையின் மேல் முகம் கீழாகப் பரப்பி, வெயில் படாமல் உலர்த்த வேண்டும். உலர்ந்த அச்சு ஈரத்தில் தெரிந்ததைவிடச் சற்றுக் கறுத்தும், நிறம் ஓரளவு மாறியும் தோன்றும். ஆகவே அடுத்த அச்சுக்கான நேரங்களை உலர்ந்த அச்சைப் பார்த்த பிறகே தீர்மானித்து, தாளின் பெயர், டோனரின் நீர்ப்பு, வெப்பம், நேரம் ஆகியவற்றைப் பின்புற ஓரத்தில் மெல்லிய பென்சிலால் குறித்து வைக்க வேண்டும்.

செலினியம் கரைசலை வேலை முடிந்ததும் காப்பி ஃபில்டர் தாளில் வடிகட்டி, கறுப்புப் படிவை நீக்கி, நிறைந்த புட்டியில் மூடி வைத்தால் பல மாதங்கள் பயன்படும். வேகம் குறையும்போது சிறிது அடர்கரைசல் சேர்த்துக்கொள்ளலாம். இனிப் பயனில்லை என்ற நிலையில், வீணான அச்சுகளை அதில் ஊறப்போட்டு எஞ்சிய செலினியத்தை அவற்றில் ஏற்றிவிட வேண்டும். அதன் பிறகும் அதைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ கிணற்றுக்கு அருகிலோ ஊற்றக் கூடாது. பெயர் எழுதிய பிளாஸ்டிக் கேனில் சேர்த்துவைத்து, அபாயக் கழிவுகளைப் பெறும் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும்.